ஊரில் வீடு, வேலை வளைகுடாவில்: பழுதுபார்க்கும்போது யார் சொல்வதை எதுவரை கேட்கலாம்?

கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்கே மார்த்தாண்டம், கருங்கல், நித்திரவிளை, களியக்காவிளைப் பக்கம் வளைகுடாக் காசில் எழும்பிய கான்கிரீட் வீடுகள் பலவற்றுக்கு இப்போது பழுதுபார்க்கும் வயது. கட்டியவர் இன்னும் மஸ்கட்டிலோ தம்மாமிலோ இருப்பார். இல்லையென்றால் அவர் ஊருக்கு வந்துவிட்டு, அவர் இடத்துக்கு மகன் போயிருப்பான். மாடி ஒழுகுகிறது என்று போன் வந்த அன்றே ஆலோசனைகளும் வரத் தொடங்கும். மாமனார் ஒன்று சொல்வார், கொத்தனார் ஒன்று, பெயின்ட் கடைக்காரர் ஒன்று, அறைத்தோழர் ஒன்று, யூடியூபில் வரும் மலையாளச் சேட்டன் இன்னொன்று. இவர்களில் யாரும் பொய் சொல்வதில்லை, ஆளுக்குக் கொஞ்சம் சரியாகத்தான் சொல்கிறார்கள். அதனால்தான் தேர்ந்தெடுப்பது கஷ்டமாக இருக்கிறது.

ஆளைப் பார்த்து நம்புவதைவிடக் கேள்வியைப் பார்த்து நம்புவது நல்லது. கதவு மரத்தைப் பற்றி ஆசாரி சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். அதே ஆசாரி கூரை வார்ப்பைப் பற்றிப் பேசினால், கேட்டுவிட்டு விட்டுவிட வேண்டும். தூரத்தில் இருப்பவருக்கு இன்னொரு உரைகல்லும் வேண்டும்: சொன்னதைச் செய்தார்களா என்று டேப்பாலோ தராசாலோ பில்லாலோ போட்டோவாலோ சரிபார்க்க முடியுமா? முடியாது என்றால், ஊரில் இருப்பவருக்கு அது நல்ல யோசனையாகவே இருந்தாலும் உங்களுக்குப் பாதிப் பயன்தான்.

ஒரே ஒழுக்கு, நாலு மருந்து

1000 சதுர அடி மொட்டை மாடி, 5 அங்குல வார்ப்பு, இருபது வருஷப் பழசு என்று வைத்துக்கொள்வோம். நடு அறைக் கூரையில் ஈரம். இதற்கு நாலு பேர் நாலு மருந்து சொல்வார்கள்.

பழைய கொத்தனார் சொல்வது, மேலே ஒரு அங்குலம் சாந்து போட்டு இழுத்துவிடலாம் என்பது. செலவு குறைவு, மூன்று நாளில் முடியும். ஆனால் பழைய பரப்பைக் கொத்தி, கழுவி, பிடிப்புக்கான ரசாயனப் பால் அடிக்காமல் போட்ட ஒரு அங்குலச் சாந்து அடியோடு ஒட்டாது. வெயிலில் தனியாக விரிந்து வெடிக்கும். வெடிப்பு வழியே இறங்கிய தண்ணீர் இரண்டு அடுக்குக்கும் நடுவில் பரவி, ஒழுகும் இடத்துக்குப் பத்தடி தள்ளிச் சொட்டும். பிறகு ஓட்டை எங்கே என்று யாராலும் கண்டுபிடிக்க முடியாது. பாரமும் சும்மா இல்லை: 1000 சதுர அடிக்கு ஒரு அங்குலச் சாந்து ஏறத்தாழ 5 டன். மூன்று முறை "இழுத்துவிட்ட" மாடிகள் இந்தப் பக்கம் எத்தனையோ உண்டு.

மதுரை, திருநெல்வேலிச் சொந்தக்காரர்கள் தட்டோடு பதிக்கச் சொல்வார்கள். செங்கல் சல்லியும் சுண்ணாம்பும் போட்டு இடித்து, மேலே தட்டோடு ஒட்டும் வேலை வெயில் ஊர்களுக்கு அருமையானது, வீட்டுக்குள் சூடு இறங்காது. விளவங்கோடு, கல்குளம் தாலுகாக்களுக்கு இடவப்பாதியும் (ஜூனில் தொடங்கும் தென்மேற்குப் பருவமழை) உண்டு, ஐப்பசி அடைமழையும் உண்டு. சல்லி அடுக்கு நனைந்து காய்வதற்குள் அடுத்த மழை வந்துவிடும். 3 அங்குலச் சல்லியும் ஓடும் சேர்ந்தால் சதுர அடிக்குச் சுமார் 17 கிலோ, அதாவது 1000 சதுர அடிக்கு 17 டன். கம்பி துருப்பிடிக்கத் தொடங்கிய பழைய வார்ப்பின்மேல் இதை ஏற்றச் சொல்பவர் அந்த மாடியின் அடிப்பக்கத்தைப் பார்த்திருக்க மாட்டார்.

பெயின்ட் கடையில் வாட்டர்ப்ரூஃப் கோட்டிங்கை எடுத்து வைப்பார்கள். பொருளில் குறை இல்லை. அக்ரிலிக் வகைப் பூச்சுகள் மழையைத் தாங்கும், தேங்கி நிற்கும் தண்ணீரைத் தாங்காது. நாள்கணக்கில் குளம் கட்டும் இடத்தில் கொப்புளம் விட்டுத் தோலாக உரியும். அடிப்பரப்பு காய்ந்திருக்க வேண்டும், பாசி போகக் கழுவியிருக்க வேண்டும், வெடிப்புகளை வெட்டி நிரப்பி வலைத்துணி ஒட்டியிருக்க வேண்டும். இந்த ஆலோசனைக்கு ஒரு நன்மை உண்டு, அளந்து சரிபார்க்கலாம். ஒரு லிட்டர் எத்தனை சதுர அடி வரும் என்று வாளியிலேயே அச்சிட்டிருப்பார்கள். மாடியின் பரப்பை அதால் வகுத்தால் எத்தனை வாளி வேண்டும் என்பது தெரியும். வேலை முடிந்ததும் காலி வாளிகளை வரிசையாக வைத்து ஒரு போட்டோ அனுப்பச் சொல்லுங்கள். பத்து வாளிக் கணக்குக்கு ஆறு வாளி நின்றால், மீதி தண்ணீராகக் கலந்திருக்கிறது.

பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கத்து கான்ட்ராக்டர் யோசிக்காமல் டிரஸ் போடச் சொல்வார். கேரளத்தில் இன்று தெருவுக்குத் தெரு தெரியும் தீர்வு: இரும்புக் குழாய்ச் சட்டம், மேலே நிறம் பூசிய ஷீட். துணி காயப்போட இடமும் கிடைக்கும் என்பதால் வீட்டுப் பெண்களும் இதற்கே கை தூக்குவார்கள். இந்த மழைக்கு உண்மையில் நாலிலும் நீடிப்பது இதுதான். கெடுவது இரண்டு இடத்தில். கால்களை வார்ப்பின் நடுவில் துளைபோட்டு போல்ட் அடித்து நிறுத்தினால் ஒவ்வொரு போல்ட்டும் ஒரு புது ஓட்டை. கால்கள் தூணுக்கும் உத்திரத்துக்கும் நேர் மேலே, சிறு கான்கிரீட் பீடத்தில் நிற்க வேண்டும். இரண்டாவது காற்று. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் இந்த மாவட்டத்தை அடித்ததை மறந்தவர் கிடையாது. குறைந்த திருகோடு நிற்கும் ஷீட் பக்கத்து வீட்டுக்குத்தான் போய் விழும். ஒவ்வொரு குறுக்குக் குழாயிலும் ரப்பர் வாஷரோடு திருகு இருக்க வேண்டும். ஷீட் 0.5 மி.மீ., குழாய் 2 மி.மீ. என்று பேசிவிட்டு 1.2 மி.மீ. குழாய் இறக்குவது வழக்கம். தராசு காட்டிக்கொடுக்கும்: 50க்கு 50 மி.மீ. சதுரக் குழாய், 6 மீட்டர் நீளம், 2 மி.மீ. தடிப்பு என்றால் 18 கிலோ வரும். 11 கிலோ வந்தால் அது 1.2 மி.மீ.

இன்ஜினியர் உருப்படியானவராக இருந்தால் இந்த நாலில் எதையும் முதல் நாளில் சொல்ல மாட்டார். நீர் ஓட்டம் பார்ப்பார். மொட்டை மாடிக்கு 100க்கு 1 சரிவாவது வேண்டும். 30 அடி நீள மாடியில் ஒரு முனைக்கும் மறு முனைக்கும் 3.6 அங்குல வித்தியாசம். 400 சதுர அடிக்கு ஒரு 4 அங்குலக் குழாயாவது இறங்க வேண்டும். பாதி வீடுகளில் இரண்டுமே இருக்காது, அங்கே ஒழுக்குக்கு மருந்து சரிவும் குழாயும்தான். பிறகு கீழே வந்து கூரையைச் சுத்தியலால் தட்டிப் பார்ப்பார். கணீர் என்றால் நல்லது. டொக்கு டொக்கு என்று பொள்ளலாகக் கேட்டால் உள்ளே கம்பி துருவேறி, கான்கிரீட் கம்பியை விட்டுப் பிரிந்துவிட்டது. அந்தக் கூரைக்கு மேலே எதைப் போட்டாலும் அடியில் அரிப்பு நடந்துகொண்டே இருக்கும்.

ஆக, அடிப்பக்கம் கணீரென்று இருந்து, சரிவும் சரியாக இருந்தால் கோட்டிங் போதும். சில வருஷத்துக்கு ஒருமுறை திரும்ப அடிக்க வேண்டும் என்பது தெரிந்தே செய்வது. சரிவு இல்லை, மாடி நல்ல நிலைமை என்றால் சரிவும் குழாயும் அமைக்க வேண்டும், அது முடியாவிட்டால் டிரஸ். பொள்ளல் சத்தம் கேட்டால் முதலில் கம்பி வேலை, பிறகுதான் மற்றது. தட்டோடு இந்தப் பகுதிக்குக் கடைசித் தேர்வு. ஆரல்வாய்மொழி தாண்டி மழை குறைந்த கிழக்குப் பக்கம் போனால் கணக்கு மாறும்.

துரு ஏறிய கூரையின் போட்டோ

கூரையில் நேர்கோடாக ஒரு பழுப்புக் கறை, அதை ஒட்டி மயிரிழை வெடிப்பு, ஓரிடத்தில் உள்ளங்கை அகலத்துக்கு பூச்சு விழுந்து கம்பி வெளியே தெரிகிறது. இப்படி ஒரு படம் வாட்ஸ்அப்பில் வந்தால் அதற்குக் கொத்தனாரின் பதிலை மட்டும் கேட்டு முடிவெடுக்கக் கூடாது. இரும்பு துருவாகும்போது பருமன் பல மடங்காகும். உள்ளிருந்து தள்ளும் அந்த விசைதான் கான்கிரீட்டைப் பிளக்கிறது. மேலே 1:3 சாந்து (ஒரு பங்கு சிமென்ட், மூன்று பங்கு மணல்) பூசி வெள்ளையடித்தால் இரண்டு மழைக்குள் அதே கோட்டில் மறுபடியும் விழும், இம்முறை இன்னும் பெரிய துண்டாக.

சரியான வேலையின் வரிசை இது. பொள்ளலான பகுதி முழுவதையும், கம்பிக்குப் பின்னால் விரல் நுழையும் அளவு, ஏறத்தாழ 20 மி.மீ. ஆழத்துக்குக் கொத்தி எடுக்க வேண்டும். கம்பியை இரும்பு பிரஷால் வெள்ளை தெரியத் தேய்த்து, துருத் தடுப்பு ப்ரைமர் அடிக்க வேண்டும். கம்பியின் குறுக்குவெட்டுப் பரப்பில் நாலில் ஒரு பங்கு அரித்துப் போயிருந்தால் பக்கத்தில் புதுக் கம்பி கட்ட வேண்டும். பிடிப்புப் பூச்சு காய்வதற்குள் பாலிமர் கலந்த சாந்தை அடுக்கடுக்காக வைக்க வேண்டும். இதில் ஒவ்வொரு படியையும் போட்டோ எடுக்கலாம். கொத்தி முடித்த நிலைப் படம் வராமல் பூசி முடித்த படம் மட்டும் வந்தால், நடுவில் எதுவும் நடக்கவில்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

கொல்லங்கோடு, தேங்காப்பட்டணம் போன்ற கடலோரங்களில் இது சீக்கிரமே வரும். உப்புக்காற்று ஒரு காரணம். கழுவாத மணல் இன்னொன்று. கம்பிக்கு அடியில் போதிய கான்கிரீட் இல்லாதது மூன்றாவது. ஐஎஸ் 456 என்ற இந்தியத் தரநிலை கடலோரச் சூழலைக் கடுமையான வகையில் வைத்து, எம்30 என்ற வலுக்கூடிய கலவையும் கம்பிக்கு வெளியே 45 மி.மீ. கான்கிரீட் மூடலும் கேட்கிறது; உள்நாட்டில் மழை படாத சாதாரணச் சூழலில் எம்20யும் 20 மி.மீட்டரும் போதும். கடலோர வீட்டுக்குப் புதிதாக ஒரு சன்ஷேடு வார்ப்பதென்றாலும் இதைக் கேளுங்கள். "அதெல்லாம் பாலத்துக்குத்தான்" என்று சிரிக்கும் மேஸ்திரியின் மற்ற ஆலோசனைகளையும் அதே கணக்கில் எடை போடலாம்.

கொத்தனாரை எப்படி எடை போடுவது

தரமான கொத்தனாருக்கும் வாய்ச்சொல் கொத்தனாருக்கும் வித்தியாசம் போனிலேயே தெரிந்துவிடும்.

"அண்ணே, ஒழுக்கு எங்கயிருந்து வருது?"

"மேல இருந்துதான் தம்பி. சாந்து போட்டா நின்னுடும்."

இவரை விட்டுவிடலாம். இன்னொருவர் பதிலுக்குக் கேள்வி கேட்பார்: "மழ பெய்யும்போது மட்டும் சொட்டுதா, விட்டு ரெண்டு நாள் கழிச்சும் சொட்டுதா? வேனல்லயும் ஈரம் உண்டா?" பெய்யும்போது மட்டும் என்றால் கைப்பிடிச் சுவர் சேரும் இடம், குழாய் வாய், சன்ஷேடு மூட்டு. மழை விட்ட பிறகும் என்றால் மேலே தண்ணீர் தேங்குகிறது அல்லது பழைய அடுக்கு ஊறியிருக்கிறது. வேனலிலும் ஈரம் என்றால் தண்ணீர்த் தொட்டி அல்லது குளியலறைக் குழாய், மாடிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. இப்படிப் பிரித்துக் கேட்பவர் சொல்வதைக் காசு கொடுத்தும் கேட்கலாம்.

பூசுவேலை, தரை ஓடு பதிப்பு, சுவர் இடிப்பது, ஒரு நாளைக்கு எவ்வளவு வேலை நகரும் என்பதிலெல்லாம் கொத்தனார் சொல்வதே கடைசி வார்த்தை. கம்பி, உத்திரம், மேலே இன்னொரு மாடி தாங்குமா என்பவை அவர் எல்லை இல்லை. "இந்தச் சுவர எடுத்துட்டா ஹால் பெருசாகும்" என்பது அபாயமான வாக்கியம். பழைய வீடுகள் பலவற்றில் தூண் இல்லை, சுவரே பாரம் தாங்குகிறது. ஜாக்கி முட்டுக் கொடுத்து, இரும்பு அல்லது கான்கிரீட் உத்திரம் ஏற்றிய பிறகே சுவரை இடிக்கலாம். அதன் அளவை இன்ஜினியர் எழுதித் தர வேண்டும்.

சுண்ணாம்புச் சாந்திலோ மண் சாந்திலோ கட்டிய ஓட்டு வீடு என்றால் எச்சரிக்கை இன்னும் கூடுதல். அந்தச் சுவர் ஈரத்தை உள்ளே இழுத்து வெளியே விட்டுப் பழகியது. அதன்மேல் கெட்டியான சிமென்ட் பூச்சும் பிளாஸ்டிக் பெயின்ட்டும் ஏறினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் ஓதம் மேலே மேலே ஏறும், பூச்சு தகடு தகடாகக் கழன்று விழும். இங்கே சுண்ணாம்பு வேலை தெரிந்த வயதான கொத்தனாரின் பேச்சு, நகரத்து இன்ஜினியரின் பேச்சைவிட அதிகம் பெறும்.

பொருள் கணக்கைக் கொத்தனார் சொல்லும்போது நீங்களும் ஒரு கணக்கு வைத்திருங்கள். 12 மி.மீ. கனத்தில் 1:4 பூச்சு 100 சதுர அடிக்கு ஏறத்தாழ ஒரு மூட்டை சிமென்ட், 5 கன அடி மணல். 1:6 என்றால் முக்கால் மூட்டைக்கும் குறைவு. எம்20 கான்கிரீட் ஒரு கனமீட்டருக்கு 8 மூட்டை. 5 அங்குல வார்ப்பு 1000 சதுர அடிக்கு 11.8 கனமீட்டர், அதாவது 95 மூட்டை. கம்பியை எண்ணியே சரிபார்க்கலாம்: 12 மீட்டர் நீளக் கம்பி 8 மி.மீ. என்றால் 4.74 கிலோ, 10 மி.மீ. 7.4 கிலோ, 12 மி.மீ. 10.66 கிலோ, 16 மி.மீ. 18.96 கிலோ. பில்லில் 500 கிலோ 10 மி.மீ. கம்பி என்றால் முற்றத்தில் 67 கம்பி கிடக்க வேண்டும். தரநிலையே 10 மி.மீ. வரை 7 சதவீதம் கூடக்குறைய விடுகிறது, அதற்கு மேல் குறைந்தால் கேள்வி கேட்கலாம்.

சதுர அடி விலை சொல்லும் கான்ட்ராக்டர்

புது வீட்டுக்குச் சதுர அடி விலை ஓரளவு பொருந்தும். பழுதுவேலைக்குச் சதுர அடி விலை சொல்பவர், சுவருக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாமலே விலை சொல்கிறார். பிறகு "அது எக்ஸ்ட்ரா" வரும். பழுதுவேலைக்கு ஒவ்வொரு வேலைக்கும் தனி விலை வேண்டும்: கொத்தி எடுப்பது இத்தனை சதுர அடி, பூச்சு இத்தனை, குழாய் இத்தனை அடி, குப்பை அள்ள இத்தனை லோடு. இரு மாநிலப் பொதுப்பணித் துறைகளும் தங்கள் விலைப்பட்டியலை வெளியிடுகின்றன. சந்தை விலை அதிலிருந்து மாறும் என்றாலும், ஒருவர் சொல்லும் விலை எவ்வளவு எகிறியிருக்கிறது என்று பார்க்க உதவும்.

எல்லையோரத்தில் அளவைக் குழப்பமும் உண்டு. தமிழ்நாட்டுப் பக்கம் எம்-சாண்டை யூனிட் கணக்கில் பேசுவார்கள், ஒரு யூனிட் 100 கன அடி. அந்தப் பக்கம் கன அடி கணக்கு. 100 சதுர அடியைச் சதுரம் என்பவரும் உண்டு. இரண்டு பேரின் விலையை ஒப்பிடும் முன் எல்லாவற்றையும் ஒரே அலகுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். போர்ட்டிகோ, சன்ஷேடு, படிக்கட்டு மேல்கூரை, செப்டிக் டேங்க் எல்லாம் பரப்பில் சேருமா, பாதியா, தனியா என்பதும் எழுத்தில் வேண்டும்.

கேரள கான்ட்ராக்டர் வடிவத்திலும் முடிப்பு வேலையிலும் பெரும்பாலும் கெட்டி. ஆனால் சட்டம் பற்றி அவர் சொல்வதை எல்லையான களியக்காவிளைக்கு இந்தப் பக்கம் எடுத்துவரக் கூடாது. அங்கே 2019 கேரளப் பஞ்சாயத்துக் கட்டட விதிகள், இங்கே 2019 தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள். பக்க இடைவெளி முதல் அனுமதிப் படிவம் வரை வேறு. பூச்சு, பெயின்ட், தரை வேலையைத் தாண்டி மாடி கூட்டுவதோ டிரஸ் எழுப்புவதோ என்றால் உங்கள் உள்ளாட்சி அலுவலகத்திலேயே கேட்டுவிடுவது மேல்.

ஆசாரியும் தச்சுக் கணக்கும்

மரத்தில் ஆசாரியை மிஞ்சின ஆள் இல்லை. பலா, அயினி, தேக்கு எதில் எவ்வளவு வைரம், எங்கே வெள்ளை, எது கரையான் ஏறும் என்று தொட்டுப் பார்த்தே சொல்வார். ஒரே ஒரு இடத்தில் அவர் வீட்டுக்காரரின் அவசரத்துக்கு வளைவார்: தோட்டத்தில் வெட்டிய பச்சை மரம். ஒரு அங்குலக் கனத்துக்கு ஒரு வருஷம் நிழலில் உலர வேண்டும் என்பது பழைய கணக்கு. லீவு முடிவதற்குள் கதவு மாட்ட வேண்டும் என்று நின்றால் மாட்டித் தருவார். அடுத்த வேனலில் பலகை சுருங்கி இடைவெளி விடும், அடுத்த மழையில் கதவு அடைக்காது.

வாஸ்து பார்ப்பதானால் வரைபடம் முடிவாகும் முன்பே பார்த்துவிட வேண்டும். வேலை பாதியில் அடுக்களையை மாற்று, வாசலை நகர்த்து என்று வரும் சொல்லுக்குக் கடைசியில் பாரம் தாங்கும் சுவர்தான் வெட்டுப்படும்.

அறைத்தோழர், யூடியூப், கடை

கூட வேலை செய்பவர் போன வருஷம் வீட்டு வேலை முடித்திருந்தால், யார் சொன்ன தேதியில் முடித்தார், யார் முன்பணத்தோடு காணாமல் போனார், இன்றைய கூலி என்ன என்பதற்கு அவர் தங்கச் சுரங்கம். பொருள் தேர்வில் அவர் கண் வளைகுடாக் கண். அங்கே வறண்ட வெயில், ஏசி போட்டு அடைத்த அறை, மரநாரை அழுத்திச் செய்த எம்.டி.எஃப் அலமாரியும் வால்பேப்பரும் அழகாக நிற்கும். இங்கே ஜூன் மாத ஈரத்தில் எம்.டி.எஃப் ஊதிப் பிரியும். அடுக்களைக்கு ஐஎஸ் 710 முத்திரை உள்ள மரைன் பிளைவுட், மல்டிவுட் என்ற பிவிசி பலகை, அலுமினியம், அல்லது கேரளத்தில் பரவலான, கம்பிவலையில் சாந்து பூசிச் செய்த பெரோசிமென்ட் தட்டுகள் சரி. அங்கிருந்து மின்சாதனம் கொண்டுபோகச் சொன்னாலும் யோசியுங்கள். சவூதியில் மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், இங்கே 50. பழைய வகை மோட்டார் உள்ள சாதனம் மெதுவாக ஓடிச் சூடாகும். துபாயின் மூன்று கட்டைப் பிளக்குக்காக இங்கே அடாப்டர் மாட்டினால் பல நேரம் எர்த் இணைப்பே இருக்காது.

வீடியோக்களைப் பொறுத்தவரை ஒரே கேள்வி: பேசுபவர் தோற்ற வேலையைக் காட்டுகிறாரா? புதிதாக அடித்த கோட்டிங் எல்லாருக்கும் பளபளக்கும். மூன்று மழை கண்ட கோட்டிங்கைக் காட்டுபவரைப் பாருங்கள். அமெரிக்க வீடியோக்கள் பெரும்பாலும் மரச்சட்ட வீட்டுக்கானவை. செங்கல் சுவருக்கு அவற்றில் பாதி பொருந்தாது.

கடைக்காரர் பொருளின் அளவுக்கு நல்ல ஆலோசகர், எந்தப் பொருள் என்பதற்கு இல்லை. கொத்தனாருக்கும் பெயின்டருக்கும் வாளிக்குள் டோக்கனோ பாயின்ட்டோ வைக்கும் வழக்கம் ஊரறிந்தது. "இந்தக் கம்பெனிதான் வேணும்" என்ற பிடிவாதத்துக்குச் சில சமயம் அதுவே காரணம். ஒரே தரத்தில் மூன்று கம்பெனியின் பெயரை எழுதி, எதுவானாலும் சரி என்று சொல்லிவிட்டால் அந்தப் பேச்சு முடிந்துவிடும்.

மாமனாரை எந்த வேலையில் நிறுத்துவது

வீட்டுப் பெரியவர் சொல்வதைத் தள்ளவும் முடியாது, அப்படியே ஏற்கவும் முடியாது. அவர் பலம் இருப்பு: காலையில் எத்தனை ஆள் வந்தார்கள், லோடு எப்போது இறங்கியது, பூச்சுக்கு ஏழு நாள் தண்ணீர் அடித்தார்களா என்பது அவருக்கு மட்டுமே தெரியும். அவரிடம் "வேலை நல்லா நடக்குதா மாமா?" என்று கேட்டால் "நல்லா நடக்கு" என்றுதான் வரும். மேஸ்திரியோடு தினமும் சாயா குடிப்பவர் அவர்; குறை சொல்வது அவருக்கே சங்கடம். அதனால் கருத்தைக் கேட்காமல் அளவைக் கேளுங்கள். கம்பி மேல் டேப் வைத்து இடைவெளி தெரிய ஒரு படம், கம்பியைத் தூக்கி நிறுத்தும் கவர் பிளாக் அடியில் தெரிய ஒரு படம், மூட்டையில் அச்சான தயாரிப்பு வாரம் தெரிய ஒரு படம். அவர் யாரையும் குறை சொன்னதாகவும் ஆகாது.

காசு கொடுத்து வாங்கும் ஆலோசனை

கம்பி, உத்திரம், கூடுதல் மாடி, பொள்ளல் கூரை இவற்றுக்குக் காசு கொடுத்துத்தான் ஆலோசனை வாங்க வேண்டும். பிளான் போட்டுக் கையெழுத்திடும் இன்ஜினியர் வேறு, கட்டமைப்பு இன்ஜினியர் வேறு. தமிழ்நாட்டு விதிகளே இவர்களைத் தனித்தனி வகையாகப் பதிவு செய்கின்றன. பதிவு எண்ணைக் கேட்கத் தயங்க வேண்டாம். ஆர்க்கிடெக்ட் என்று போட்டிருந்தால் 1972 ஆர்க்கிடெக்ட்ஸ் சட்டப்படி ஆர்க்கிடெக்சர் கவுன்சிலில் பதிந்திருக்க வேண்டும், அதை இணையத்தில் பார்க்கலாம். வேலையையும் தானே எடுத்துச் செய்யும் இன்ஜினியர், பார்வையிடும் இன்ஜினியராக இருக்கக் கூடாது. மொத்தச் செலவில் சதவீதமாகக் கூலி பேசினால் செலவு ஏற ஏற அவருக்கு லாபம். வருகைக்கு இவ்வளவு என்று பேசுங்கள். கொத்தி முடித்தபோது, கம்பி கட்டியபோது, வார்க்கும் நாளில், கடைசியில் என்று நாலு வருகை பெரும்பாலான பழுதுவேலைக்குப் போதும். வார்ப்பு இருந்தால் 15 செ.மீ. கட்டிகள் எடுத்து 28ஆம் நாள் சோதிக்கச் சொல்லுங்கள். பொறியியல் கல்லூரிகளில் இதைச் செய்து தருகிறார்கள்.

தனி வீட்டு வேலைக்கு, விற்பனைக்குக் கட்டும் திட்டங்களுக்கான ரேரா சட்டம் துணைக்கு வராது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வரும், இணையவழிப் புகாரும் உண்டு. ஆனால் கையில் எழுத்தில் ஒப்பந்தமும் வங்கி வழிப் பணமும் இருந்தால்தான். மச்சான் கையில் ரொக்கமாகக் கொடுத்தனுப்பிய பணத்துக்கு எந்த ஆணையத்திலும் கணக்கு நிற்காது.

கடைசியாக லீவு. எல்லாரும் "நீ வரும்போது வேலையத் தொடங்கலாம்" என்பார்கள். பிள்ளைகளின் பள்ளி விடுமுறையை ஒட்டி ஜூலை, ஆகஸ்டில் வருபவருக்கு இது தவறான யோசனை. சுவர் ஊறியிருக்கும், பெயின்ட் நிற்காது, கோட்டிங் பிடிக்காது. அந்த மாதத்தை நோய் கண்டுபிடிக்க வைத்துக்கொள்ளுங்கள்: மழையில் மாடி ஏறித் தேங்கும் இடத்தைச் சாக்பீசால் வட்டமிட்டுப் படம் எடுங்கள், இன்ஜினியரோடு கூரையைத் தட்டிப் பாருங்கள், மூன்று பேரிடம் ஒரே பட்டியலுக்கு விலை வாங்கி ஒப்பந்தம் எழுதுங்கள். வேலை ஜனவரி முதல் மார்ச் வரை நடக்கட்டும், நீங்கள் அங்கிருந்து போட்டோ பார்த்துத் தவணை அனுப்பலாம். வேலை முடிந்ததும் குழாய் வாயை அடைத்து 2 அங்குலத் தண்ணீர் 24 மணி நேரம் நிற்கட்டும். அடுத்த நாள் காலை வீடியோ காலில் கூரையின் அடியைக் காட்டச் சொல்லுங்கள். மொத்தத்தில் பத்து சதவீதத்தைக் கையில் வைத்திருந்து, அடுத்த ஆகஸ்டில் ஊருக்கு வந்து மாடியைப் பார்த்த பிறகு கொடுக்கலாம்.